உளவியல் கல்வி, பயிற்சி விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உளவியல் கற்பிப்பவர்களுக்கும் பயிற்சி தருபவர்களுக்கும் தரப்படும் விருதுகள் பெரும்பாலும் பரிந்துரைக் கோப்பை வைத்தே முடிவாகின்றன. தேர்வுக் குழு வகுப்பறைக்கு வந்து பார்ப்பதில்லை, பயிற்சி மாணவரின் சிகிச்சைப் பணியை மூத்தவர் பார்த்து வழிநடத்தும் மேற்பார்வை அமர்விலும் உட்காருவதில்லை. கோப்பில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் அந்த ஆசிரியரை அவர்கள் அறிகிறார்கள். அதனால் மிகச் சிறந்த ஆசிரியர் ஒருவர், கோப்பு சரியில்லாததால் மட்டுமே விடுபட்டுப் போவதுண்டு.

இத்தகைய கோப்புகளைத் தயாரிக்க உதவும்போதும், படித்து மதிப்பிடும்போதும் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முதல்முறை பரிந்துரைப்பவர்கள் கடிதத்தில் தொடங்குகிறார்கள். ஐந்தாறு பேரிடம் கடிதம் கேட்டு வாங்கிவிட்டு, அதற்கேற்ப அறிக்கை எழுதி, கடைசியில் விதிகளைப் படிக்கிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்: விருது, விதி, கூற்று, சான்று, அப்புறம்தான் கடிதம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பரிந்துரைக்கப்படுபவரின் சம்மதம். ஆச்சரியமாகக் கொடுக்கலாம் என்று மறைத்துச் செய்தால் பாடத்திட்டங்கள், பல ஆண்டு மதிப்பீடுகள், பழைய மாணவர்களின் தொடர்பு என எதுவும் கிடைக்காது. இவை அவரிடம்தான் இருக்கும்.

இரண்டாவது, இந்த ஆண்டுக்கான அறிவிப்பின் முழு வாசகம். சென்ற ஆண்டு யாரோ பயன்படுத்திய பிரதியை நம்ப வேண்டாம். பக்க வரம்பு, கடிதங்களின் எண்ணிக்கை, உறுப்பினர் தகுதி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை.

மூன்றாவது, நேரம். கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. அதில் பாதி, சான்று திரட்டவே போய்விடும். கோப்புக்கு ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். துறையே சேர்ந்து பார்த்துக்கொள்ளும் என்று விட்ட கோப்பில் ஒரே செய்தி நான்கு இடத்தில் வரும், முக்கியமானது எங்கேயும் வராது.

2. எந்த விருது என்று முடிவு செய்யுங்கள்

கோப்பின் பாதி வெற்றி இந்த இடத்தில் தீர்மானமாகிறது. பெயரில் ‘கல்வி’ என்று இருப்பதால் எல்லா விருதும் ஒரே திறமையைத் தேடுவதில்லை. வகுப்பறைக் கற்பித்தல், மருத்துவ உளவியல் போன்ற துறைகளில் மேற்பார்வையோடு தரும் தொழில்முறைப் பயிற்சி, தனிப்பட்ட வழிகாட்டல், ஒரு முழுப் பயிற்சித் திட்டத்தை உருவாக்கி நடத்துதல் ஆகிய நான்கும் வேறு வேறு வேலைகள். உங்கள் ஆசிரியர் நான்கிலும் நல்லவராக இருக்கலாம். ஆனால் எதில் அவருக்குச் சான்று வலுவாக இருக்கிறது என்பதே கேள்வி.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2-ஆம் பிரிவான ‘சொசைட்டி ஃபார் தி டீச்சிங் ஆஃப் சைக்காலஜி’ தரும் விருதுகளைப் பாருங்கள். நான்காண்டுக் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ராபர்ட் எஸ். டேனியல் விருது. ஈராண்டுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு வேன் வைட்டன் விருது. பணியின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு ஜேன் எஸ். ஹலோனன் விருது. பள்ளியில் உளவியல் கற்பிப்பவர்களுக்கு மேரி மார்கரெட் மொஃபெட் நினைவு விருது. பட்ட மேற்படிப்பில் இருந்துகொண்டே கற்பிக்கும் மாணவர்களுக்கு வில்பர்ட் ஜே. மெக்கீச்சி விருது. எல்லாமே கற்பித்தலுக்கானவைதான். ஆனால் பணியிடமும் பணிக்கட்டமும் மாறினால் விருதும் மாறுகிறது. தவறான கட்டத்தில் விண்ணப்பித்தால் கோப்பைத் திறக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

வழிகாட்டல்தான் அவரது பலம் என்றால் ‘அசோசியேஷன் ஃபார் சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ அமைப்பின் மென்டர் விருது பொருந்தும். சிறுபான்மை இன மாணவர்களின் தொழில் வளர்ச்சிக்கு உழைத்தவருக்கு, அமெரிக்க உளவியல் சங்கத்தின் பட்ட மேற்படிப்பு மாணவர் அமைப்பு தரும் கென்னத் – மேமி கிளார்க் விருது இருக்கிறது. நடத்தை, அறிதல் சிகிச்சைகளுக்கான ‘ஏபிசிடி’ (ABCT) அமைப்பு தனிநபரின் கல்விப் பங்களிப்பு, சிறந்த மென்டர், சிறந்த பயிற்சித் திட்டம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே எல்லா விருதும் எல்லா ஆண்டும் வருவதில்லை, மாறி மாறி வரும். அதனால் அடுத்த ஆண்டுக்கே திட்டமிட வேண்டியிருக்கலாம். இன்டர்ன்ஷிப் மையங்களிலும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி மையங்களிலும் வேலை செய்பவர்கள், அந்த மையங்களின் கூட்டமைப்பான ‘ஏப்பிக்’ (APPIC) தரும் விருதுகளைப் பார்க்கலாம். கனடா உளவியல் சங்கமும் பிரிட்டிஷ் உளவியல் சங்கமும் உளவியல் கல்விக்கெனத் தனி விருதுகள் தருகின்றன.

இரண்டு விருதுக்கு நடுவே தயக்கம் வந்தால், பெரிய பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கையில் இருக்கும் சான்று எதன் விதிகளுக்கு நேராகப் பதில் சொல்கிறதோ அதையே எடுங்கள். வாழ்நாள் பங்களிப்புக்கான விருதுக்கு எட்டு ஆண்டு அனுபவம் உள்ளவரை அனுப்பினால், அவர் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் முப்பது ஆண்டு உழைத்தவரோடு ஒப்பிடப்படுவார்.

3. விதிகளை அட்டவணையாக உடையுங்கள்

அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு அளவுகோலையும் தனி வரியாக எழுதுங்கள். ‘கற்பித்தலில் புதுமையும் மாணவர்மீது நீடித்த தாக்கமும்’ என்று இருந்தால் அது ஒரு வரி ஆகாது, இரண்டு வரி. ‘நீடித்த’ என்ற சொல் தனியாக ஒரு கேள்வி: படிப்பு முடிந்த பிறகும் தாக்கம் இருந்ததற்கு என்ன சான்று?

ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: என்ன சான்று இருக்கிறது, அது எந்த ஆவணத்தில் வரும், அதை யார் உறுதி செய்வார். கட்டம் காலியாக இருப்பது இப்போதே தெரிந்தால் நிரப்ப நேரம் இருக்கிறது. தேர்வுக் குழுவினர் பலரும் இதே போன்ற ஒரு மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். அவர்கள் தேடும் இடத்தில் பதில் இருந்தால் மதிப்பெண் கிடைக்கும். பதில் எங்கேயோ புதைந்து கிடந்தால் கிடைக்காது.

4. ஒரே வாக்கியத்தில் கூற்றை எழுதுங்கள்

இந்த ஆசிரியர் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது? அதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ‘அர்ப்பணிப்பு மிக்கவர், மாணவர்களால் நேசிக்கப்படுபவர்’ என்பது கூற்று ஆகாது. போட்டியில் உள்ள எல்லோரைப் பற்றியும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

ஒரு கற்பனை உதாரணம்: ‘மாணவர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் கேட்டு நடந்துவந்த மேற்பார்வையை, சிகிச்சை அமர்வின் பதிவைச் சேர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்லும் முறையாக மாற்றினார், அந்த முறையை வேறு பயிற்சி மையங்களும் எடுத்துக்கொண்டன.’ இதில் செயல் இருக்கிறது, மாற்றம் இருக்கிறது, பரவியதும் இருக்கிறது. மூன்றையும் சரிபார்க்க முடியும்.

இந்த வாக்கியம் வராவிட்டால் மேலே போக வேண்டாம். பரிந்துரைக்கப்படுபவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பல நல்ல ஆசிரியர்கள் தாங்கள் செய்ததைச் சாதாரணமாக நினைப்பார்கள். ‘நீங்கள் வருவதற்கு முன் இது எப்படி நடந்தது?’ என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

5. சான்று திரட்டுங்கள்

இங்கே நிதானமாக இருக்க வேண்டும். ஏனென்றால் தேர்வுக் குழுவில் இருப்பவர்களும் உளவியலாளர்கள். அளவீடு பற்றி வாழ்நாள் முழுக்கக் கற்பித்தவர்களிடம் பலவீனமான எண்ணைக் காட்டினால், சான்று இல்லாததைவிட மோசமாகிவிடும்.

பயிற்சியை மதிப்பிட கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகள் இங்கே நன்றாக உதவும். பங்கேற்றவர்களுக்குப் பிடித்திருந்ததா, கற்றார்களா, கற்றதைச் செயலில் காட்டினார்களா, அதனால் விளைவு மாறியதா? பெரும்பாலான கோப்புகள் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. மாணவர் மதிப்பீடுகளும் நன்றி மின்னஞ்சல்களும் அந்த நிலையைச் சேர்ந்தவை.

மாணவர் மதிப்பீட்டை எச்சரிக்கையோடு வையுங்கள். உட்ல், வைட், கொன்சாலஸ் மூவரும் 2017-இல் வெளியிட்ட மெட்டா பகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து அலசும் ஆய்வு), மாணவர்கள் ஆசிரியருக்குத் தரும் மதிப்பெண்ணுக்கும் மாணவர்களின் கற்றலுக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு வந்தது. உங்கள் கோப்பைப் படிப்பவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக விட்டுவிட வேண்டாம். பல விருதுகள் அதைக் கேட்கின்றன. ‘5-க்கு 4.8’ என்று மட்டும் போடாமல், கேள்வி என்ன, எத்தனை பேரில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எந்தெந்தப் பாடம், எந்தெந்த ஆண்டுகள் என்று சேர்த்துக் காட்டுங்கள். நல்ல ஆண்டை மட்டும் பொறுக்கி எடுத்தால், விடுபட்ட ஆண்டுகள்தான் முதலில் கண்ணில் படும்.

இரண்டாம் நிலைக்கு, பாடத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நடத்திய தேர்வுகள், ஒரே வினாவுக்குப் பல ஆண்டு மாணவர்கள் எழுதிய விடைகளின் தரம் போன்றவை உதவும். தொழில்முறைப் பயிற்சியில், மாணவர் தன் திறனைத் தானே மதிப்பிட்டதைவிட, அவரது அமர்வுப் பதிவைப் பார்த்து மேற்பார்வையாளர் அல்லாத இன்னொருவர் மதிப்பிட்டது வலுவானது. தன்மதிப்பீட்டில் நம்பிக்கை கூடியது தெரியும், திறன் கூடியதா என்று தெரியாது.

மூன்றாம் நிலையில், பயிற்சி பெற்றவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களே மேற்பார்வையாளர் ஆனபோது அதே முறையைப் பின்பற்றுகிறார்களா? இதைக் கோப்பில் பார்ப்பது அரிது, பார்த்தால் மறக்காது.

நான்காம் நிலையில் வரும் திட்ட அளவிலான விளைவுகளுக்கு அமெரிக்காவில் ஒரு வசதி இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற முனைவர் பட்டத் திட்டங்கள், படிப்பு முடிக்க ஆகும் காலம், இன்டர்ன்ஷிப் கிடைத்தவர்கள், நடுவில் விலகியவர்கள், உரிமம் பெற்றவர்கள் ஆகிய விவரங்களைப் பொதுவில் வெளியிட்டாக வேண்டும். அந்த அட்டவணையை அப்படியே எடுத்து, பரிந்துரைக்கப்படுபவர் பொறுப்பேற்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடலாம்.

உளவியலாளராகத் தொழில் செய்வதற்கான உரிமத் தேர்வான இபிபிபி (EPPP) முடிவுகளையும் சிலர் சேர்ப்பதுண்டு. 225 கேள்விகள் கொண்ட அந்தத் தேர்வில் 175-க்குத்தான் மதிப்பெண். தேர்ச்சி விகிதம் உயர்ந்ததைச் சொல்லலாம், ஆனால் அதே காலத்தில் சேர்க்கை விதிகளும் மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்தால் குழு கேட்கும். நீங்களே சொன்னால் மற்ற எண்களின் மேலும் நம்பிக்கை வரும்.

பரவலுக்கான சான்று தனி வகை. அவர் எழுதிய பாடத்திட்டத்தை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டதா? கற்பித்தல் முறையைப் பற்றி ‘டீச்சிங் ஆஃப் சைக்காலஜி’, ‘டிரெய்னிங் அண்ட் எஜுகேஷன் இன் புரொஃபஷனல் சைக்காலஜி’ போன்ற இதழ்களில் எழுதியிருக்கிறாரா? பதிவிறக்க எண்ணிக்கையைவிட, எடுத்துப் பயன்படுத்திய ஒருவரின் இரண்டு பத்தி விளக்கம் மேலானது.

இந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள். ஒன்று, புகழ்பெற்ற மாணவர்களின் பட்டியல். மொத்தம் எத்தனை பேர், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லாத பட்டியலுக்கு மதிப்பில்லை. என் கருத்தில், தடுமாறிய மாணவர்களை அவர் எப்படிக் கரை சேர்த்தார் என்பதுதான் பயிற்சியாளரின் தரத்தை உண்மையாகக் காட்டும். திறமையான மாணவர் யாரிடம் படித்தாலும் வந்துவிடுவார். இரண்டாவது தவறு, குழுவாகச் செய்த வேலையை ஒருவர் பேரில் எழுதுவது. மூன்று பேர் சேர்ந்து உருவாக்கிய பாடம் என்றால் இவருடைய பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். மற்ற இருவரில் ஒருவருக்குத் தேர்வுக் குழுவில் நண்பர் இருக்கக்கூடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது அவர்களுடைய உழைப்பு.

6. சம்மதமும் ரகசியமும்

மாணவர் எழுதிய வரியை மேற்கோள் காட்டும் முன் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஐந்து பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் ஆண்டையும் தலைப்பையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தடுமாறிய மாணவரைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் தேவை. அவரே முன்வந்து எழுதினால் தவிர, பொதுவான வடிவில் மட்டும் எழுதுங்கள். சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய எந்த விவரமும் கோப்புக்குள் வரவே கூடாது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவரிடம், இப்போது மேற்பார்வையில் இருப்பவரிடம் ஆதரவுக் கடிதம் கேட்பதைத் தவிர்ப்பது நல்லது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பில் 5.05 விதி, அழுத்தத்துக்கு எளிதில் ஆளாகக்கூடிய நிலையில் இருப்பவர்களிடம் சான்றுரை கேட்கக் கூடாது என்கிறது. அது விளம்பரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி என்றாலும், காரணம் இங்கேயும் அதேதான். தன் மதிப்பெண்ணும் தேர்ச்சியும் அந்த ஆசிரியரின் கையில் இருக்கும்போது அந்த மாணவரால் மறுக்க முடியாது. விருது விதியே தற்போதைய மாணவரின் கடிதத்தைக் கேட்டால், பரிந்துரைக்கப்படுபவர் நேரில் கேட்காமல் கோப்புக்குப் பொறுப்பானவர் கேட்கட்டும். யார் எழுதினார்கள், யார் மறுத்தார்கள் என்பதும் பரிந்துரைக்கப்படுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

7. கடிதம் எழுதுபவர்களைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் கடிதம். அட்டவணையை எடுத்து, எந்தக் கட்டத்தை யார் உறுதி செய்ய முடியும் என்று பாருங்கள். மூன்று கடிதம் என்றால் மூன்று கோணம்: படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் ஆன ஒரு மாணவர், அருகிலிருந்து வேலையைப் பார்த்த ஒரு சக ஆசிரியர், வெளியிலிருந்து அதன் பரவலைச் சொல்லக்கூடிய ஒருவர். பெரிய பதவியில் இருப்பவரின் பொதுவான கடிதம், நேரில் பார்த்தவரின் விவரமான கடிதத்தைவிட எப்போதும் பலவீனமானது.

கேட்கும்போது வெறுமனே ‘ஒரு கடிதம் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். விருதின் அளவுகோல்கள், உங்கள் ஒருவாக்கியக் கூற்று, அவர் எதைப் பற்றி எழுதினால் நல்லது என்ற இரண்டு வரி, பக்க வரம்பு, தேதி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். கடிதத்தையே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். மூன்று கடிதத்திலும் ஒரே சொற்றொடர் வந்தால் படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எழுதுபவர்களுக்குச் சொல்லும் தேதி, உண்மையான கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாக இருக்கட்டும்.

இன்னொன்றையும் மென்மையாகச் சொல்லிவையுங்கள். மடேரா, ஹெப்ல், மார்ட்டின் ஆகியோர் உளவியல் துறை ஆசிரியர் பணிக்கு வந்த பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்களில் அன்பானவர், உதவுபவர் போன்ற சொற்கள் அதிகம் இருந்தன. முன்முயற்சி, உறுதி போன்றவற்றைச் சுட்டும் சொற்கள் குறைவாக இருந்தன. அன்பைக் குறிக்கும் அந்தச் சொற்கள் கூடக்கூட, வேலைக்கு எடுக்கலாம் என்ற மதிப்பீடு குறைந்தது. கல்வி விருதுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் கற்பித்தலைப் பற்றி எழுதும்போது எல்லோருக்கும் முதலில் வரும் சொல்லே அன்புதான். ‘அன்பானவர்’ என்று எழுதிய இடத்தில் அவர் என்ன செய்தார், என்ன மாறியது என்று எழுதச் சொல்லுங்கள்.

8. பரிந்துரை அறிக்கையை எழுதுங்கள்

கடிதங்கள் வந்த பிறகு, அல்லது அவற்றில் என்ன இருக்கும் என்று தெரிந்த பிறகு, அறிக்கையை எழுதுங்கள். முதல் பத்தியிலேயே கூற்று வரட்டும். வாழ்க்கை வரலாற்றில் தொடங்க வேண்டாம், அது சிவியில் (தன்விவரக் குறிப்பில்) இருக்கிறது. அப்புறம் அளவுகோல்களை அறிவிப்பில் உள்ள அதே வரிசையில், அதே சொற்களைத் தலைப்பாக வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை அடுக்கிவைத்துப் படிப்பவர் தன் தாளில் உள்ள வரியை உங்கள் பக்கத்தில் உடனே கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு செயல், அதற்கான காரணம், ஒரு சான்று. கடிதத்தில் உள்ளதைத் திரும்ப எழுதாமல் ‘இரண்டாம் கடிதத்தில் விவரம் உள்ளது’ என்று சுட்டினால் போதும். எழுதி முடித்ததும் பெயரடைகளை மட்டும் அடித்துப் பாருங்கள். அப்போதும் அறிக்கை நின்றால் சரி. விழுந்துவிட்டால் 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

துறைக்கு வெளியே உள்ள உளவியலாளர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். சமூக உளவியல் படித்தவருக்கு மருத்துவ உளவியல் பயிற்சியின் சுருக்கச் சொற்கள் புரியாது. குழுவில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார்.

9. சிவியைத் திருத்துங்கள்

ஆய்வுக்கான சிவியை அப்படியே அனுப்பாதீர்கள். கற்பித்த பாடங்கள், மேற்பார்வை செய்தவர்களின் எண்ணிக்கை, மாணவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைகள், பயிற்சிக் குழுக்களில் வகித்த பொறுப்பு ஆகியவை முன்னால் வரட்டும். மாணவர் இணை ஆசிரியராக உள்ள கட்டுரைகளில் மாணவர் பெயருக்கு உடுக்குறி (*) போட்டால் தேட வேண்டியிருக்காது.

10. அனுப்புங்கள்

எல்லாவற்றையும் கேட்ட வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பக்க எண் போட்டு, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பக்க வரம்பை மீறாதீர்கள். எழுத்து அளவைக் குறைத்துச் சமாளிக்கவும் வேண்டாம். பரிந்துரைப்பவர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தால், உறுப்பினர் கட்டணம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நாளில் இணையதளம் மெதுவாகும் என்று வைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான பதில் வந்ததா என்றும் பாருங்கள்.

11. கிடைக்காவிட்டால்

சில விருதுகளில் கோப்பை அடுத்த சுற்றுக்கும் எடுத்துக்கொள்வார்கள், சிலவற்றில் புதிதாக அனுப்ப வேண்டும். முடிவு வந்த அதே வாரம் விருதின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, கருத்துரை தருவார்களா, மீண்டும் அனுப்பலாமா என்று கேளுங்கள். வெற்றி பெற்றவரைப் பற்றிய அறிவிப்பில் எதைச் சிறப்பித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்தால், அந்தக் குழு உண்மையில் எதற்கு மதிப்புக் கொடுக்கிறது என்று தெரியும்.

கடிதம் எழுதியவர்களுக்கு முடிவைத் தெரிவியுங்கள். அடுத்த முறையும் அவர்களிடம்தான் போக வேண்டும். மீண்டும் அனுப்பும்போது பழைய கோப்பில் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். அட்டவணையில் எந்தக் கட்டம் பலவீனமாக இருந்ததோ, அதற்கான சான்றை இந்த ஓராண்டில் திரட்டுங்கள். பழைய மாணவர்களிடம் சிறு கேள்வித்தாள் அனுப்பவும், அமர்வுப் பதிவுகளை வெளியாள் ஒருவரைக் கொண்டு மதிப்பிடவும் அந்த அவகாசம் போதும்.